அடுப்பில் எண்ணெய்ச் சட்டி

செபஸ்தியம்மாள் பாலசமுத்திரத்துக்குப் போனாளா, அப்பனைப் பார்த்தாளா என்று ஒரு வாரமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகவில்லை. விட்டால்தானே போவதற்கு.

போன வியாழக்கிழமை அவள் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்ததல்லவா? 'அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பஸ் சத்தம் கேட்டால் நீ வந்துவிட்டாய் என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறார். உடனே புறப்பட்டு வரவும்.' அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் ஞானதாஸ் வாத்தியார் முன்னால் போய் நின்றாள். வாத்தியார் கார்டை இரண்டு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"மார்கழிப் பனியில வயசானவுகளுக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும். பண்டிகை முடியட்டும். மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

"காலைல போயிட்டுப் பொழுது சாய வந்துர்றேங்க. ஒரே ஒரு நாளு."

"நீ போனா மாவை யாரு இடிப்பா? உங்க அண்ணன் வந்து இடிப்பாரா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. அதுதான் அவர் வழக்கம். குரலை உயர்த்த மாட்டார், கையை ஓங்க மாட்டார். திண்டுக்கல்லில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பேர். அடிக்கிற புருஷனாக இருந்திருந்தால் தெருவில் நாலு பேராவது அவளுக்காக ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இந்த மாதிரி ஆளை யார் கேட்பது, என்னவென்று கேட்பது?

அப்படி என்ன பெரிய பண்டிகை என்கிறீர்களா? அந்தப் பங்குக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இராத்திரி பாலன் சுரூபத்தைக் கோயில் வாசலிலிருந்து குடில் வரைக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டிதான் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மறுநாள் சாயங்காலம் பங்குச் சாமியாரும் கோயில் பெரியவர்களும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவார்கள். இந்த வருஷம் முதல் சீட்டு ஞானதாஸுக்கு விழுந்தது. இரண்டாவது சீட்டு பாக்கியராஜ் வாத்தியாருக்கு.

முதல் சீட்டுக்காரருக்குத் தடங்கல் வந்தால் இரண்டாவது சீட்டுக்காரர் ஏந்துவார். தடங்கல் என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். சாவு. துக்கம் விழுந்தவர்கள், அது பெண்டாட்டியின் பிறந்த வீட்டுத் துக்கமாக இருந்தாலும் சரி, அந்த வருஷம் பாலனைத் தொடக் கூடாது. இது சாமியார் போட்ட சட்டம் இல்லை. ஜனங்களாகப் போட்டுக்கொண்டது. சாமியார் போட்டிருந்தாலாவது மீறுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தை பிறந்தால் கோயில் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் நாற்காலி காலியாகிறது. அதற்கு இரண்டே பேர்தான் போட்டி. ஞானதாஸ் ஒருத்தர், பாக்கியராஜ் ஒருத்தர். யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர் பங்குச் சாமியார். போதுமா?

சரி, இந்த வாரத்துக்கு வருவோம்.

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டு வந்த வாத்தியார், அவசரமாய் வேட்டியை மாற்றிக்கொண்டு, "குடிலுக்குக் கலர்க் காகிதம் வாங்க மதுரைக்குப் போறேன்" என்று கிளம்பினார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினார். காகிதச் சுருளை வாசலில் வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் நாலு வாளி பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். இந்தக் குளிரில் யாராவது தலைக்கு ஊற்றுவார்களா என்று செபஸ்தியம்மாள் சத்தம் போட்டாள். பஸ்ஸெல்லாம் ஒரே தூசி என்றார். சுடச்சுட நாலு தோசை தின்றுவிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அவர்கள் இரண்டு பேர் பேரையும் வாசித்தார். முக்காட்டுக்குள்ளிருந்து எல்லாப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியராஜ் பெண்டாட்டி மட்டும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அரிசி இடித்துச் சலித்தாள். செவ்வாய்க்கிழமை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். தினமும் சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தும்போது ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்பாவப் பத்தி ஏதாச்சும் சேதி வந்துச்சாங்க?"

"கெட்ட சேதியா இருந்தா தந்தி வந்திருக்காதா? நல்லாத்தான் இருப்பாரு."

நம்பினாள். நாலு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ். சனிக்கிழமை முதல் பஸ். அப்பாவுக்கென்று ஒரு தூக்குச் சட்டியில் பத்து அதிரசத்தை நெய் கூட்டித் தனியாய்ச் சுட்டும் வைத்தாள். பல் இல்லாதவர், மெத்தென்று இருக்கட்டும் என்று.

புதன்கிழமை வந்தது. காலையிலிருந்து அச்சு முறுக்கு. பக்கத்து வீட்டுப் பெருமாயி விறகு தள்ளிக்கொடுத்துக் கூட இருந்தவள், வீட்டில் உலை வைக்க நேரமாகிவிட்டது என்று பத்தரை மணிக்குப் போய்விட்டாள். செபஸ்தியம்மாள் ஒற்றை ஆளாய் அச்சை மாவில் முக்கி, எண்ணெயில் வைத்து, உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தாள். இருநூறு தேறியிருந்தது. இன்னும் நூறு வேண்டும்.

வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் பெண்டாட்டி சகாயராணி, கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மதினி, வாங்க. ஒரு கார்டு போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேன்ல? அப்பா எப்படி இருக்காரு? சளி எறங்கிருச்சா?"

வந்தவள் கண் அடுப்பில் நின்றது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. பக்கத்தில் கூடை நிறைய முறுக்கு. அதற்குப் பிறகுதான் செபஸ்தியம்மாளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

செபஸ்தியம்மாளுக்கு இருந்த சந்தோஷத்தில் மதினியின் எண்ணெய் காணாத தலையும் தெரியவில்லை, வீங்கின இமையும் தெரியவில்லை. சூடாய் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள்.

"உப்புப் பாத்துச் சொல்லுங்க."

சகாயராணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முறுக்கு சுவரில் பட்டு நொறுங்கி விழுந்தது.

"நீ ஒரு மனுசிதானா? மாமாவ மண்ணுல வெச்சு இன்னைக்கு அஞ்சாம் நாளு. எண்ணெய்ச் சட்டி வெச்சு முறுக்குச் சுட்டுட்டு உக்காந்திருக்கற?"

துக்கம் நடந்த வீட்டிலும் அந்த வீட்டுப் பெண் வாழ்கிற வீட்டிலும் நாற்பது நாளைக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து முறை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பன் செத்த சேதி செபஸ்தியம்மாளுக்கு வந்து சேர்ந்த விதம் இதுதான். தந்தியாக வரவில்லை, ஆள் சொல்லி வரவில்லை. வசவாக வந்தது.

"எந்த மாமா?" என்றாள் செபஸ்தியம்மாள்.

அது ஒரு கேள்வியா? சகாயராணிக்கு எத்தனை மாமனார்? ஆனால் வாய் அதைத்தான் கேட்டது. எண்ணெயில் விட்ட அச்சு அப்படியே கிடந்து கருகிப் புகைந்தது. சகாயராணிதான் ஓடிப் போய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மிணி, உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று செபஸ்தியம்மாள் தலையை ஆட்டினாள்.

"அதெப்படித் தெரியாம இருக்கும்? உன்ற வீட்டுக்கார அண்ணன்தான் சனிக்கிழமை வந்தாங்களே. உங்க வீட்டுக் கோடின்னு புது வேட்டி வாங்கியாந்து மாமா மேல போத்துனாங்க. பெட்டிக்குத் தோள் கொடுத்தாங்க. குழியில மூணு பிடி மண்ணு போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனாங்க."

"சனிக்கிழமை அவுக மதுரைக்கில்ல போனாக."

இதைச் சொல்லும்போதே கிணற்றடியும் நாலு வாளித் தண்ணீரும் அவளுக்கு விளங்கிவிட்டது. கல்லறைக்குப் போய் வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் வரலாமா? அந்த முறையை மட்டும் வாத்தியார் ஒழுங்காய்ச் செய்திருந்தார்.

சகாயராணிக்கு வேறு மாதிரி விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ கண்ணு, உன்ற உடம்புக்காவ மறைச்சிருக்காங்க அண்ணன். நான் ஒரு பாவி, கூறு கெட்டவ, வந்ததும் வராததுமா ஒளறிப்போட்டேன்."

செபஸ்தியம்மாளுக்கு அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. மதினியைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை முட்டி அழ வேண்டும். சாவு விழுந்தால் இரண்டு பெண்கள் அப்படித்தான் அழுவார்கள். அவள் கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சகாயராணி சட்டென்று அந்த வாயைப் பொத்தினாள்.

"அழுவாத. நீ அழுவக் கூடாது. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

வயிற்றிலா? என்ன இருக்கிறது வயிற்றில்? கேட்க நினைத்தாள். வாய் மதினியின் உள்ளங்கைக்குள் இருந்தது.

சகாயராணி பொத்தின கையை எடுக்காமல் மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் உயிர் போயிற்று. விடிந்ததும் வாத்தியாரின் பள்ளிக்கூட விலாசத்துக்குத் தந்தி கொடுத்தார்கள். மகள் வராமல் பெட்டியை மூடக் கூடாது என்று செபஸ்தியம்மாளின் அண்ணன் அன்றைக்கு மூன்று மணி வரைக்கும் காக்க வைத்தான். பஸ் வந்தது. ஞானதாஸ் மட்டும் இறங்கினார்.

"எங்க எம் மகளைக் காணோம்னு அத்தை ஓடியாந்தாங்க. அண்ணன் அத்தை கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. 'உங்க மக முழுகாம இருக்கா. நாலு வருசம் கழிச்சு ஆண்டவர் கண்ணத் தொறந்திருக்காரு. சேதி கேட்டு அழுது படுத்த படுக்கையாக் கெடக்கா. டாக்டர் பஸ் ஏறக் கூடாதுன்னுட்டாரு'ன்னு. அம்புட்டுத் துக்கத்துலயும் எல்லாரும் சிலுவை போட்டுக்கிட்டாங்க. மாமாவுக்கு முத்திப்போனதுலருந்து மூணு நாளா அத்தைக்குப் பச்சத் தண்ணி பல்லுல படல. அதைக் கேட்டப்பறந்தான் ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சாங்க. இப்ப ஆர் வந்து துக்கம் கேட்டாலும் அதையேதான் சொல்றாங்க. 'அவரு போனாரு, எம் மக வயித்துல ஒண்ணு வருது'ன்னு. அத்தை உசுரு இப்ப அதுலதான் நிக்குது, கண்ணு. போய்ப் பாத்துட்டு வான்னு அவங்கதான் என்னைத் தொரத்தி உட்டாங்க."

பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய்ச் சாடி, ஒரு படி நெல்லிக்காய், உப்புப் போட்ட புளி எல்லாம் வெளியே வந்தன. மசக்கைக்காரிக்கு அம்மா கொடுத்துவிட்டது.

போன வாரம் செவ்வாய்க்கிழமைதான் செபஸ்தியம்மாள் மூன்று நாள் ஒதுங்கியிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அது வாத்தியாருக்குத் தெரியாதா? அந்த மூன்று நாளும் அவள் பாயைத் தனியாய் எடுத்துப் போட்டவர் அவர்தானே.

பன்னிரண்டு மணிக்கு சைக்கிள் வந்து நின்றது. உள்ளே வந்த ஞானதாஸ் சகாயராணியைப் பார்த்தார். இறக்கி வைத்திருந்த சட்டியைப் பார்த்தார். ஒரு நொடிதான் தயங்கினார்.

"வாங்க தங்கச்சி. பஸ்ல எடம் கெடச்சுதா? சாப்டீங்களா?"

"அண்ணா, என்னை மன்னிக்கோணுமுங்க. தெரியாத்தனமா அம்மிணிகிட்டச் சொல்லிப்புட்டேனுங்க."

"என்னைக்கிருந்தாலும் தெரிய வேண்டியதுதானே. அவ உடம்பைப் பாத்தேன். மனசுல கல்லைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இந்த அஞ்சு நாளும் திரிஞ்சேன்." சொன்னவர் குரல் தழுதழுத்தது. அதையும் பார்த்துக்கொண்டு நின்றாளே அவள், அந்த வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்ல. "செபஸ்தி, செத்த நேரம் கிணத்தடிக்கு வா."

கிணற்றடியில் அவள்தான் முதலில் பேசினாள். தெருவுக்குக் கேட்காத குரலில் பேசினாள். அந்த நிலைமையிலும் புருஷன் மானத்தைக் காப்பாற்றினாள் பாருங்கள்.

"எங்க அப்பாவுக்கு மண்ணு போட்டுட்டு வந்து, அந்தக் கையால நாலு தோசை தின்னீங்களே."

"பசிச்சுது. தின்னேன்."

"எனக்கு அவரு மொகத்தக் காட்டலியே."

"செத்த மொகத்தப் பாத்து என்ன செய்யப் போற? நீ போயிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரா?" அவர் வாளிக் கயிற்றைச் சரிசெய்து மாட்டினார். "நாளைக்கு ஒரு ராத்திரி. நாளன்னைக்கு சாயங்காலம் சாமியார் நம்ம வீட்ல உக்காந்து நாலு முறுக்குத் தின்னுட்டுப் போகட்டும். அப்பறம் நீ ஒரு வருசம் அழு. யாரு வேணாங்குறா?"

"இல்லாத புள்ளையச் சொல்லியா எங்க அம்மாவ ஏமாத்துனீங்க? நான் இப்பவே மதினிகிட்டப் போய்ச் சொல்றேன்."

"சொல்லு." ஒதுங்கி வழி விட்டார். "தாராளமாப் போய்ச் சொல்லு. தங்கச்சி ரெண்டு மணி பஸ்ல போய் உங்க அம்மாகிட்டச் சொல்லட்டும். ஒரு டம்ளர் கஞ்சிதான் குடிக்கிறாங்க. அதையும் நீயே நிப்பாட்டு. உங்க அப்பாவைக் கொண்டுபோனது சளி. அம்மாவைக் கொண்டுபோனது மகதான்னு ஊரு பேசட்டும்."

அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பைத்தியமாட்டம் நிக்காத. ரெண்டு மாசம் போனாக் கலைஞ்சுபோச்சுன்னு ஒரு கார்டு போட்டாத் தீந்துச்சு. எத்தனையோ பேருக்குக் கலையுது. மொகத்தக் கழுவிட்டு வா."

இதைவிட அவர் அவளை அடித்திருக்கலாம்.

முகத்தைக் கழுவினாள். உள்ளே வந்தாள். சகாயராணி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். அத்தையைத் தனியாய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், இருக்க முடியாது.

"அண்ணன் உன்னைக் கண்ணாட்டம் பாத்துக்கறாங்க, அது போதுங்கண்ணு. நான் பஸ்ஸ உட்டு எறங்குனதுமே அத்தை ஒண்ணுதான் கேப்பாங்க. எத்தன மாசம்?"

ஞானதாஸ் கதவோரம் நின்றார். செபஸ்தியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பாலசமுத்திரத்தில் வாசலில் உட்கார்ந்து பஸ் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற அம்மாவை நினைத்தாள்.

"மூணு" என்றாள்.

சகாயராணி விரல் விட்டு எண்ணினாள். "அப்படின்னா ஆனியில. பையனா இருந்தா மாமா பேருதான் வெக்கோணும்." அஞ்சு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அருளப்பன்னுதான் வைக்கணும்னு இவளே சொல்லிட்டா தங்கச்சி" என்றார் ஞானதாஸ்.

அப்பன் பேர் அந்த வாயிலிருந்து வந்ததைக் கேட்டாள். அதுவரைக்கும் பொறுத்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நாப்பது கழிஞ்சதும் அத்தையக் கொண்டாந்து இங்க உட்டுடறோம் கண்ணு. பிரசவம் வரைக்கும் உங்கூட இருக்கட்டும்" என்றாள் சகாயராணி.

"நாப்பது எதுக்கு மதினி? எனக்கு அம்மாவப் பாக்கணும். நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூட்டிட்டு வாங்க. சாமியாரும் கோயில் பெரியவுகளும் இங்கதான் வாராக. எல்லாரும் இருக்கையில அப்பாவுக்காக ஒரு செபம் சொல்லச் சொல்லுவோம். அம்மாவுக்கும் மனசு ஆறும்."

வந்து உட்கார்ந்து அம்மா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் என்ன சொல்வது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

ஞானதாஸ் வாயைத் திறந்தார். தங்கமான மனுஷன் அல்லவா, தாலியறுத்த மாமியாரை வராதே என்று மச்சான் பெண்டாட்டி எதிரில் எப்படிச் சொல்வார்?

"அதுவுஞ் சரிதான்" என்று சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மணிக்கெல்லாம் நானே கூட்டியாந்துடறேன். நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்கண்ணா. அத்தையால நடக்க முடியாது."